வெண்டல் வீட்டு டிராம்போலின்

"என் மேல யாரு கேஸ் போடப் போறாங்க?" என்று கேட்பவர்கள் ஒரு தனி இனம். ஒஹையோவில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவுக்கு வெண்டல்.

வாரம் தவறாமல் புல் வெட்டுவார், நாய்க்குப் பல் விளக்குவார், கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் ஓர் இலை தங்க விடமாட்டார். ஆனால் கொல்லையில் நீச்சல் குளம், அதை ஒட்டி எகிறிக் குதிக்கிற டிராம்போலின், அதை ஒட்டி பீர்ப் பெட்டி என்று வரிசையாக வைத்து, ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, தெருவையே விருந்துக்கு அழைப்பார். யாராவது விழுந்து வழக்குப் போட்டால்? வீட்டுக் காப்பீடு மூன்று லட்சம் டாலரோடு கைவிரித்துவிடும். மிச்சத்துக்கு வீடு, சேமிப்பு, வரப்போகிற சம்பளம் வரை போகும். அந்த மிச்சத்தைத் தாங்கத்தான் தனியாக எடுக்கிற குடைக் காப்பீடு. மனைவி ஜோலீன் அந்தப் பேச்சை எடுத்தால் போதும், வெண்டல் சீறுவார்.

"வர்றவங்க எல்லாம் நம்ம ஆளுங்க. பக்கத்து வீட்டு கர்ட் என் மேல கேஸ் போடுவானா? என் ஏணி ரெண்டு வருஷமா அவன்கிட்டதான் இருக்கு!"

அந்த ஜூலையில் கர்ட், ஐம்பத்தெட்டு வயதில், கையில் ஹாட்டாகோடு டிராம்போலினில் ஏறினார். ஹாட்டாக் டிராம்போலினிலேயே இறங்கியது. கர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கினார்.

செப்டம்பரில் கதவு தட்டப்பட்டது. வாசலில் கர்ட்; கக்கத்தில் ஊன்றுகோல், கையில் வாழைப்பழ கேக்.

"தப்பா எடுத்துக்காதே வெண்டல், உன் மேல கேஸ் போட்டிருக்கேன். இடுப்புல ரெண்டு ஆபரேஷன், வேலைக்கும் போக முடியல. என் ஆஸ்பத்திரிச் செலவைக் குடுத்த காப்பீட்டுக்காரங்க வேற, 'விழுந்த வீட்டுக்காரன்கிட்ட வசூல் பண்ணு'ன்னு உயிரை எடுக்கறாங்க. ஏழு லட்சம் கேட்டிருக்கு."

"ஏழா!"

"கேக் சூடா இருக்கு, சாப்பிடு. சனிக்கிழமை மேட்ச் பாக்க வர்றேல்ல?"

வெண்டலுக்கு நாற்காலி தேவைப்பட்டது. ஏழில் மூன்று போக நாலு. வீடா? மகளின் கல்லூரிப் படிப்பா? உட்கார்ந்த நாற்காலியே கர்ட்டுடையது போலத் தோன்றியது.

கர்ட் தலை மறைந்ததும் ஜோலீன் கேக்கை வெட்டினாள்.

"முகத்தைத் துடை. குடை எடுத்து மூணு வருஷமாச்சு. டிராம்போலின் இருக்குன்னு சொல்லித்தான் எடுத்தேன். மூணு லட்சத்துக்கு மேல இன்னும் பத்து லட்சம் வரைக்கும் அவங்க பாத்துப்பாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். நீ புல்லு வெட்டிக்கிட்டிருந்தே."

வெண்டல் வாசலுக்கு ஓடினார்.

"டேய் கர்ட்! கேஸ் நடக்கட்டும். அந்த ஏணியை மட்டும் இன்னிக்கே குடுத்துடு!"

இப்போது வெண்டல் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, குடை எடுத்த தன் முன்யோசனையை விவரிக்கிறார். நீங்கள் சிரிக்கலாம். உங்கள் நாய் பரம சாது, உங்கள் மகன் நிதானமாகத்தான் கார் ஓட்டுவான், உங்கள் விருந்தாளிகள் உடன்பிறவாத சகோதரர்கள். எல்லாம் சரி.

உங்கள் ஏணி இப்போது யார் வீட்டில் இருக்கிறது?