பருந்துக் கூவல் சூப்பர் ஹிட் ஆன கதை

ஒரு காட்டில் ஃபிலோமினா என்றொரு காட்டுக்கோழி இருந்தது. கொக்கு சிஸ்டர்கள் நடத்திய கான்வென்ட்டில் படித்தது. பாட்டு கிளாஸில் அதை ஓரமாக நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்பார்கள். அப்படிப்பட்ட குரல்.

அதற்கு ஒரே குஞ்சு, ஜோயல். ஜோயல் தும்மினால் ஃபிலோமினா கஷாயம் வைக்கும். தும்மாவிட்டாலும் வைக்கும், ஏன் இன்னும் தும்மவில்லை என்று. வானத்தில் நிழல் தெரிந்தால் போதும், "கெக்கெக்கே... கெர்ர்ர்!" என்று கத்தும். 'பருந்து வருது, புதருக்குள் ஓடு' என்று அதற்குப் பொருள். ஜோயலும் ஓடி ஒளியும். பாதி நாள் வந்தது பருந்தே அல்ல, மேகம்.

ஒருநாள் ராக்கி என்ற குரங்கு அந்தக் கத்தலை போனில் பிடித்துவிட்டது.

"அக்கா, என்னா ஃபீலு! அடியில ஒரு குத்து பீட் போட்டா பிச்சுக்கும்."

"அய்யோ, அது பாட்டு இல்லப்பா. பயம்."

"பயம்னு பேர் வெச்சா ஓடாதுக்கா. 'கெர்ர் மம்மி'ன்னு வெச்சிரலாம்."

ராக்கி ஒப்புதல் படிவத்தை நீட்டியது. மாட்டேன் என்று சொல்லவும் பயமாக இருந்ததால், ஃபிலோமினா குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை பாட்டு வெளியானது. ஞாயிற்றுக்கிழமை மான் வீட்டுக் கல்யாணத்தில் அதற்குத்தான் ஆட்டம். யானை ரிங்டோனாக வைத்துக்கொண்டது. பத்து லட்சம் பார்வை தாண்டியதும், "எங்கள் மாணவி" என்று கான்வென்ட் வாசலில் பேனர் கட்டினார்கள்.

அடுத்த வாரம் நிஜமாகவே பருந்து வந்தது. ஃபிலோமினா உயிரைக் கொடுத்துக் கத்தியது.

ஜோயல் ஓடவில்லை. "மம்மி, நம்ம பாட்டு!" என்று வெட்டவெளிக்கு வந்து, கழுத்தை வானத்துக்கு நீட்டி இடுப்பை ஆட்டியது.

பருந்து இறங்கியது. ஃபிலோமினா பாய்ந்து குஞ்சை மூடிக்கொண்டது.

"அக்கா, நீங்கதானா அது!" என்றது பருந்து. "எங்க வீட்டுச் சின்னது இந்தப் பாட்டைப் போட்டாத்தான் வாயையே திறக்குது. இல்லேன்னா ஒரு வாய் ஊட்ட ரெண்டு மணி நேரம்!"

பயத்திலும் ஃபிலோமினாவுக்கு மனசு இளகிவிட்டது. "எல்லா வீட்லயும் இதே கதைதானா? என்ன ஊட்டுறீங்க?"

"கோழிக்குஞ்சுதான்."

ஃபிலோமினா ஜோயலை இறக்கைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளியது.

"சேச்சே, உங்க பிள்ளையத் தொடுவேனா? நன்றி இருக்கில்ல? ஆனா அடுத்த பாட்டு எப்போக்கா? சின்னதுக்கு இது சலிச்சுட்டு வருது. பாட்டு நின்னா நன்றியும் நின்னுடும், தப்பா எடுத்துக்காதீங்க."

மறுநாள் விடிந்ததும் ஃபிலோமினா ராக்கி வீட்டு மரத்தடியில் நின்றது.

"தம்பி, பாம்புக்கு ஒரு கத்தல், கீரிக்கு ஒண்ணு, காய்ச்சலுக்கு நாலு வெச்சிருக்கேன். சீக்கிரம் இறங்கி வாப்பா."

நீதி: தாயின் பயம் ஒருபோதும் வீண் போகாது, பருந்து வீட்டுப் பிள்ளைக்காவது அது சோறு ஊட்டும்.