உன் அக்காவுக்குப் பிடித்த நிறம்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசிகளோடு எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போனதிலிருந்து இங்கே எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான், நானும் சௌக்கியமாக இல்லை. போனில் பேசினால் யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவ்வளவு பெரிய கடையின் தகவல் பாதுகாப்புத் துறையில் இருக்கும் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால் தாளில் எழுதுகிறேன். உறையைப் பிரிக்க முடியாதபடி ஒட்டப்போகிறேன், கத்தியைப் பார்த்து வை, உள்ளே கடிதம் கிழிந்துவிடப் போகிறது.

போன வாரம் உங்கள் கடையிலிருந்து, உன் அக்கா இங்கே விட்டுப்போன பழைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. வாடிக்கையாளர்களின் விவரங்களை யாரோ திருடியிருக்கலாமாம், ஆனாலும் கவலைப்பட வேண்டாமாம், மாத முடிவுக்குள் கிளைக்கு நேரில் வந்து கணக்கை உறுதி செய்யாவிட்டால் சேர்த்து வைத்த பாயின்ட் எல்லாம் போய்விடுமாம். பறிகொடுத்தது நீங்கள், அப்புறம் நாங்கள் ஏன் வந்து நிரூபிக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்தப் பாயின்ட் விஷயம் உனக்குத் தெரியும். உன் அக்கா ஒரு சோப்பு வாங்கினாலும் அந்தக் கடையில்தான் வாங்குவாள், ஒரு வாஷிங் மெஷினுக்காக இத்தனை வருஷமாகச் சேர்க்கிறாள். துணி பிழிந்து பிழிந்து அவள் மணிக்கட்டு வீங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பேப்பர் படித்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு காரியத்தையாவது அவள் வருவதற்குள் முடித்துவைக்கலாம் என்று கிளம்பினேன்.

கிளம்பும்போதே மாடிவீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். அவரைத் தெருவில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம், நிறுத்த முடியாது என்பதால். "சார், கடையே ஆட்டம் கண்டுபோச்சு. சனங்க பயந்துபோய் கார்டைத் தேய்க்கறதில்ல. வியாபாரம் படுத்துடுச்சு. சரக்கு அனுப்பறவன் முன்பணம் கேக்கறான். பாயின்ட்டை இன்னைக்கே தீர்த்துடுங்க" என்றார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது பாதி நிஜம் போலத்தான் இருந்தது. கார்டு மெஷின்களுக்கெல்லாம் உறை போட்டு மூடியிருந்தார்கள். ரொக்கம் மட்டும் என்று பலகை. ரொக்கம் கொடுத்தால் சில்லறை இல்லை, மீதிக்கு மிட்டாய். பாதி அலமாரி காலி. பாயின்ட்டைத் தீர்க்க வந்தவர்கள் கிடைத்ததை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இஸ்திரிப் பலகை மூன்று தூக்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். கணக்கு என் மனைவி பெயரில் இருக்கிறது, நான் கணவன் என்பதற்கு எல்லா ஆதாரமும் கொண்டுவந்திருக்கிறேன் என்று பையைத் திறந்தேன். ஓய்வூதிய அலுவலகத்தில் உட்கார்ந்து, நீங்கள்தான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஊரையே கேட்டவன் நான். என்னிடமா? அவளோ, "அதெல்லாம் வேணாம் சார். மேடம் போட்டு வெச்ச ரகசியக் கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும். உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் முதல் கேள்வியைப் படித்தாள். "மேடத்துக்குப் பிடிச்ச நிறம் எது?"

மைத்துனா, எனக்கு வியர்த்துவிட்டது. உன் அக்காவோடு பச்சைக் குடை ஒன்று எப்போதும் இருக்கும். பச்சை என்றேன். தப்பு. அந்தக் குடையை வாங்கியது நான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பின்னால் நின்ற அம்மாள், "ஊதான்னு சொல்லுங்க. பொம்பளைங்க எங்க எல்லாருக்கும் ஊதாதான்" என்றார். அதுவும் தப்பு. கவுண்டர் பெண் இரக்கப்பட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். பார்க்க ஆசைப்படும் ஊர் எது. மகள் இருக்கும் ஊரைச் சொன்னேன். தப்பு. எதைக் கண்டால் பயம். கரப்பான்பூச்சி என்று அடித்துச் சொன்னேன், ஏனென்றால் கரப்பான்பூச்சி வந்தால் எங்கள் வீட்டில் அலறல் கேட்கும். அலறுவது நான் என்பது அதன்பிறகு நினைவு வந்தது. "கடைசி வாய்ப்பு சார்" என்றாள். வரிசையில் ஒருவர், "புருஷன்னு போட்டுப் பாருங்கம்மா" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அதுவும் தப்பு என்று வந்தது. அன்று முழுவதும் எனக்கு நடந்தவற்றில் நிம்மதி தந்தது அது ஒன்றுதான். உடனே திரை சிவப்பானது, கணக்கு பூட்டிக்கொண்டது, சந்தேகத்துக்குரிய நபர் என்று என்னைப் பற்றி எழுத்து ஓடியது, வாசல் காவலர் வந்து என் பக்கத்தில் நின்றார். வரிசை முழுவதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. திருடன் என்று நினைத்திருந்தால்கூடத் தேவலை, அவர்கள் பார்த்தது கணவனை.

போன் பண்ணிக் கேட்க வேண்டியதுதானே என்பாய். இத்தனை வருஷம் கூட இருந்துவிட்டு, உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எந்த முகத்தோடு கேட்பது? சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஜன்னலுக்குத் திரை வாங்கலாம்னு இருக்கேன், என்ன நிறத்துல வாங்கட்டும்?"

"எது மலிவோ அது."

"சரி, நமக்கு வசதி இருந்தா எந்த ஊருக்குப் போகணும்னு உனக்கு ஆசை?"

சட்டென்று அவள் குரல் மாறிவிட்டது. "டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காம சொல்லுங்க."

டாக்டரிடம் போகவே இல்லை என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்ததால் நோய் உறுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கிளம்பி வருகிறாளாம். பதற்றத்தில் நான் இன்னொன்றும் செய்துவிட்டேன். ஊதாதான் என்று அந்த அம்மாள் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாரே, கடைக் கம்ப்யூட்டர்தான் தப்பாகச் சொல்லியிருக்கும் என்று படுக்கையறைச் சுவர் ஒன்றுக்கு ஊதா அடித்துவிட்டேன். இப்போது அதைப் பார்த்தால் எனக்கே தூக்கம் வரவில்லை.

ஆகவே, உன்னிடம் கேட்பது இதுதான். முடிந்தால் அந்தக் கணக்கைத் திறந்துவிடு. கடை மூழ்குவதற்குள் அவளுக்கு மெஷின் கிடைக்கட்டும். முடியாவிட்டால் போகட்டும், எப்படியாவது நான் வாங்கித் தருகிறேன். ஆனால் அந்தப் பதில்களை எனக்கு மட்டும் சொல். எவனோ முகம் தெரியாத திருடனுக்கு உன் அக்காவின் ஆசையும் பயமும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நெஞ்சில் முள் மாதிரி உறுத்துகிறது. உன்னாலும் பார்க்க முடியாது என்றால், திருடன் பிடிபடும்போது அடிப்பதற்கு முன் அவனிடம் கேட்டு எழுது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் துறையும் உன் கடையும் நீடூழி வாழட்டும், குறைந்தது மாத முடிவு வரையாவது.

இப்படிக்கு,
சந்தேகத்துக்குரிய உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டி முடிப்பதற்குள் உன் அக்கா வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியாமல், பேரக்குழந்தையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாளாம். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். நான் சாகப்போவதில்லை என்று தெரிந்ததும் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் உன்னைத் திட்டினாள். கணக்குத் தொடங்கியபோது நீதான் அவளிடம், "அக்கா, நிஜத்தைப் போட்டுடாதே. வீட்டுல இருக்கறவன்தான் முதல்ல கண்டுபிடிப்பான்" என்று சொன்னாயாம். அதனால் பிடித்த நிறம் நாற்காலி, பார்க்க ஆசைப்படும் ஊர் புதன்கிழமை, பயப்படுவது கத்தரிக்கோலுக்கு என்று போட்டு வைத்திருக்கிறாள். இன்று கடைக்குப் போய்த் தானே கணக்கைத் திறந்துகொண்டாள். மெஷின் நாளை வருகிறது. கடையும் மூழ்கவில்லை, ரேடியோவே நேற்று அங்கே போய் ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறார்.

சரி, நிஜமாகவே என்ன நிறம் பிடிக்கும் என்று அவளிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி அதெல்லாம் யோசிச்சதில்ல. நீங்க அந்தக் குடை வாங்கிக் குடுத்ததுலேருந்து பச்சை" என்றாள். கவுண்டர் பெண் புதிய பதில்கள் கேட்டபோது உன் பேச்சைக் கேட்காமல் பச்சை என்றே போட்டுவிட்டாளாம். அதனால் இனி அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம், நான்கூட. உன் துறையில் சொல்லிவிடாதே. ஊதாச் சுவரைப் பற்றி அவள் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.