ஊதா வளையம் அழிந்த காசு

ஆஸ்திரேலியாவில் மிராபூ என்ற எங்கள் ஊரில் அந்த வாரம் ரொட்டிக்கடைக்கு வந்த யாருக்கும் பசியில்லை. ஐம்பது டாலர் நோட்டை நீட்டி ஒரே ஒரு பன் கேட்டார்கள்.

"மீதி அம்புட்டும் ரெண்டு டாலர் காசாவே குடு தாயி."

காசை வாரிக்கொண்டு, பன்னை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்கள். கடைக்காரி அதையே அடுத்த ஆளுக்கு விற்றாள். ஒரே பன் மூன்று முறை விலைபோன அதிசயம் எங்கள் ஊரில்தான் நடந்தது, கண்ணுகளா. ஆனால் அதை யாரும் அதிசயமென்று சொல்லவில்லை. அதிசயம் கண்காட்சித் திடலில், ஒரு கேரவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

வண்ணக் காசு சேர்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. அரசாங்கம் எதையாவது நினைவுகூர்ந்து இரண்டு டாலர் காசில் சிவப்புப் பூவோ ஊதா வளையமோ அச்சடித்து விடும். அது ஊரெல்லாம் சுற்றி, ஒருநாள் நம் சில்லறையில் வந்து விழும். ஜாம் புட்டியில் போட்டு வைப்போம். யாருக்கும் கெடுதலில்லாத பைத்தியம்.

அந்தப் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கத்தான் ஆர்லோ வந்தார். தோள்வரை வெள்ளை முடி, வெறுங்கால், விரலுக்கு ஒரு மோதிரம். கேரவன் வாசலில் பலகை: "வண்ணக் காசு உங்கள் கைக்கு ஏன் வந்தது தெரியுமா?" எங்களுக்குத் தெரியும், சில்லறையில் வந்தது. ஆனாலும் வரிசையில் நின்றோம். நானும் பத்து டாலர் கொடுத்தேன், மறைப்பானேன்?

உள்ளே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்று சூரியக் கிண்ணம், மற்றது நிலாக் கிண்ணம். இரண்டிலும் "ஏழு மலை தாண்டிய மழைநீர்." மூக்கைத் துளைக்கும் யூகலிப்டஸ் எண்ணெய் வாசம். நம் காசை வாங்கி நெற்றியில் வைப்பார். கண்ணை மூடுவார். அந்தக் கண் மூடுவதற்கு முன்னால் நம் கைப்பையை ஒரு தடவை எடைபோட்டுவிடும். பிறகு ஏதாவது ஒரு கிண்ணத்தில் போடுவார். சாயம் நின்றால் யோகம். சாயம் கரைந்தால் சாபம். சாபத்தைக் கழிக்க முந்நூறு டாலர்.

எனக்கு யோகம் வந்தது. என் கைப்பை அப்படி.

டல்சிக்குத்தான் சாபம் வந்தது.

டல்சி தருமக்கடையில், நன்கொடையாக வந்த பழைய துணி மடிக்கிறவள், அறுபத்தெட்டு வயது. கோதுமைக் கிடங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற காலினோடு அவளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். காலின் மோதிரம் போடவில்லை. எட்டு வருடம் சில்லறையில் தேடிக் கிடைத்த ஊதா வளையக் காசைத் தீப்பெட்டியில் வைத்து, "மோதிரம் கடையில கெடைக்கும் டல்சி. இது கெடைக்காது" என்று நீட்டியவன். அந்தக் காசை ஆசீர்வாதம் வாங்க வியாழக்கிழமை எடுத்துப் போனாள் இவள். போகாமல் இருந்திருக்கலாம்.

நிலாக் கிண்ணத்தில் விழுந்த காசிலிருந்து ஊதா நிறம் புகைபோலப் பிரிந்தது. ஆர்லோ துணியால் துடைத்து நீட்டினார். வெறும் மஞ்சள் காசு.

"இந்தக் கல்யாணம் நடந்தா வருஷத்துக்குள்ள ஒரு சவப்பெட்டி" என்றார்.

"யாருக்குங்க?"

"அதை நான் சொல்றதில்ல."

கெட்டிக்காரர். பாதி சொன்னால்தான் மீதிக்கு விலை.

டல்சியின் முதல் புருஷன் கல்யாணமான பதினோராம் மாதம் டிராக்டர் கவிழ்ந்து போனவன். அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நேராகக் காலின் வீட்டுக்குப் போனாள்.

"வேணாம் காலின். நான் கட்டிக்கிட்டா நீ செத்துப்போயிடுவ."

"கட்டிக்காட்டியும் சாவேன்டி. எழுவத்தொண்ணு ஆகுது."

"வெளையாடாத."

"சரி, ஒரு வருஷந்தானே? உன்கூட ஒரு வருஷம். போதும், நான் வரேன்."

"எனக்குப் போதாதுய்யா!" என்று கத்திவிட்டு, அழுதபடி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நகப்பூச்சுக் கடைக்குப் போனாள், கல்யாணத்துக்குச் சொல்லிவைத்ததை ரத்து செய்ய. கடைக்காரி துயெட், வியட்நாமிலிருந்து வந்து இருபது வருடமாக எங்கள் ஊர் நகங்களைத் திருத்துகிறவள். எங்கள் புத்தியைத் திருத்த யாரும் அவளுக்குக் காசு கொடுத்ததில்லை.

"பணம் கட்டியாச்சுல்ல, உக்காரு. அழறதுன்னாலும் நல்ல நகத்தோட அழு" என்றாள். பத்து விரலுக்கும் செக்கச்செவேலென்று பூசி முடிப்பதற்குள், கல்யாணம் நின்றாலும் காலின் உயிருக்காக அன்றே சாபம் கழிக்கப் போவது உட்பட முழுக்கதையும் வந்துவிட்டது. துயெட் காசை வாங்கி விளக்கடியில் பிடித்தாள். ஓரத்துப் பள்ளத்தில் மட்டும் ஊதா நிறம் துளி ஒட்டியிருந்தது.

"என்ன சாபம்டி இது? பழைய பூச்சைத் தொடைச்சா நகத்தோரத்துல இப்படித்தான் தங்கும். தினம் இருவது தடவை பாக்கறேன். ஆமா, எத்தனை மணிக்கு உன் சாபக் கழிப்பு?"

"ஆறு மணிக்கு, கிளப்புல."

பௌலிங் கிளப்பில் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடப்பது வழக்கம். ஆட்டுத்தொடைக்காக ஊரே கூடும். கூட்டம் தயாராக இருக்கும் இடத்தை ஆர்லோ விடுவாரா? குலுக்கலுக்கு முன்னால் மேடையில் கிண்ணங்களை வைத்து, நடுவில் மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டார்.

டல்சி ஒரு உறையோடு மேடையேறினாள். தேனிலவுக்கு டாஸ்மேனியா போக வைத்திருந்த பணம். கூடவே துயெட்டும் ஏறினாள். ஏறியதும் முதல் வேலையாக மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.

"ஏம்மா, தீபத்தை ஏன் அணைக்கிற?" என்றார் ஆர்லோ.

"சாமி, அந்தக் கிண்ணத்துல இருக்கறது தீப்பிடிக்கும். எங்களை எல்லாம் ஒரேயடியா யோகத்துக்கு அனுப்பிடாதீங்க."

"இது மழைநீர்!"

"அப்ப ஒரு வாய் குடிங்க."

ஆட்டுத்தொடையைக்கூட யாரும் பார்க்கவில்லை.

"அது... புனிதம். குடிக்கறதுக்கு இல்ல."

"தொடலாமா?"

"பாவமில்லாதவங்க தொட்டா ஒண்ணும் ஆகாது" என்றார் ஆர்லோ. பிழைப்பில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

"டல்சி, வெரலை விடு."

கீழே காலின் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். டல்சி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சூரியக் கிண்ணத்தில் இடது ஆள்காட்டி விரலை முக்கினாள். ஒன்றுமில்லை. செக்கச்செவேல்.

பிறகு வலது விரலை நிலாக் கிண்ணத்தில் விட்டாள். துயெட் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். இருபது வருவதற்குள் தண்ணீரில் சிவப்பு கசிந்தது. முப்பதில் விரலை எடுத்து ஒரு காகிதக் கைக்குட்டையால் துடைத்தாள். நகம், பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

"வலது வெரலுக்குச் சாபம், இடது வெரலுக்கு யோகமா சாமி?" என்றாள் துயெட். "என் கடைக்கு வாங்க. நகப்பூச்சு அழிக்கற இந்த மழைநீர் ஒரு பாட்டில் ஆறு டாலர்தான்."

முதலில் சிரித்தது காலின். பிறகு கூரை அதிர்ந்தது. ஆர்லோ பின்கதவைத் தேடினார். அங்கே சாபத்துக்கு முந்நூறு கட்டிய ஏழு பேர் நின்றிருந்தார்கள். தருமசாஸ்திரம் எதுவும் பேசாமல் அவர் பணப்பையைத் திறந்தார்.

இதையும் சொல்லிவிட வேண்டும். பாரி என்று ஒரு இறைச்சிக் கடைக்காரன். கூட்டம் கலைந்த பிறகு துயெட்டைத் தனியாகப் பிடித்தான்.

"சாபம் பொய், சரி. எனக்கு லாட்டரி விழும்னாரே, அதாவது நெசந்தானே?"

துயெட் அவன் நகத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், போய்விட்டாள்.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. நிறம்போன காசை மாற்றித் தருகிறேன் என்று காலின் சொன்னதற்கு, "இன்னும் எட்டு வருஷம் தேடுவியா? அப்ப அதுவரைக்கும் உசுரோட இருந்தாகணும், பாத்துக்க" என்று டல்சி உத்தரவு போட்டாள்.

கண்ணுகளா, நம்பவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம்பிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவன் கிண்ணத்தைக் காட்டி உங்கள் தலையெழுத்து அதில் கரைகிறது என்று சொன்னால், பர்ஸுக்குள் கையை விடுவதற்கு முன்னால் கிண்ணத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். ஆண்டவன் பத்து விரல் கொடுத்திருக்கிறான், எல்லாமே கும்பிடுவதற்கு இல்லை.