தகரத்துக்கு இந்தப் பக்கம்

மனித குலத்தில் 'நேரில் பார்த்தவர்' என்று ஓர் இனம் உண்டு. தேடிப் போக வேண்டியதில்லை. எங்கேயாவது டமார் என்று சத்தம் கேட்டால் போதும், அது அடங்குவதற்குள் நாலு பேர் கிடைப்பார்கள். சண்டை என்றால் முதல் அடி யாருடையது என்று இவர்களுக்குத் தெரியும். திருட்டு என்றால் திருடன் எந்தச் சந்தில் திரும்பி, எங்கே நின்று பீடி பற்றவைத்து, பிறகு எந்தப் பக்கம் ஓடினான் என்பது வரை தெரியும். பிடித்திருக்கலாமே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகும் ரோட்டில் இந்த இனத்துக்குத் தலைவர் மருதாசலம். வளைவை ஒட்டி அவருக்குச் சொந்தமாக ஒரு கட்டடம், அதில் வாடகைக்கு ஒரு பேக்கரி. எங்கள் பக்கத்தில் பேக்கரி என்றால் டீக்கடை. வாசலில் தகரக் கூரை இறக்கி, வளைவுப் பக்கம் வெயிலும் புழுதியும் வராமல் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தகரம் அடைத்து, அதை ஒட்டி உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார். நேரில் பார்ப்பதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான். தகரம் ரோட்டுப் புறம்போக்கில் ஏழெட்டு அடி நீண்டு நிற்கிறது. அதை மட்டும் ஊரில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை.

போன ஆவணியில் ஒரு நாள் காலை, அந்த வளைவில் முட்டை ஏற்றிய வேனும் சௌந்திரம் என்கிற அம்மாள் ஓட்டி வந்த மொபெட்டும் மோதிக்கொண்டன. சௌந்திரத்துக்குக் கால் முறிந்தது. நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. வேன் டிரைவர் கதிர்வேல், "நாய் குறுக்க வந்துதுங்க, அவங்க ஒதுங்கி என்ற பக்கம் வந்துட்டாங்க" என்றான். யார் கேட்பது? உடையாத முட்டைகளாவது அவனுக்காகச் சாட்சி சொல்லியிருக்கலாம். போலீஸ் வருவதற்குள் அவை ஊருக்குள் போய்விட்டன.

மருதாசலம் கையில் டீ கிளாஸோடு கூட்டத்துக்குள் நுழைந்தார். "என்ற கண்ணு முன்னால நடந்துதுங்க. எண்பதுல வந்தான். ராங் சைடு."

மத்தியானம் அது நூறானது. சாயங்காலம் நூற்றிருபது, டிரைவர் காதில் செல்போன். மறுநாள் காலையில் அந்தச் செல்போனில் பேசியது ஒரு பொம்பளை என்பது வரை வந்துவிட்டது. அந்த வேனை இறக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து தள்ளிவிட்டாலும் அறுபதைத் தாண்டாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தாலும் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். நேரில் பார்த்தவர் அல்லவா?

கேஸ் நிரூபணமானால் கதிர்வேலுக்கு லைசென்ஸ் போகும், வேலை போகும், ஜெயிலும் உண்டு. அவன் மனைவி தனப்பிரியா தறிக்கு லீவு சொல்லிவிட்டு, ஐந்து மாத வயிற்றோடு வந்து நாற்காலி முன்னால் நின்றாள்.

"ஏனுங்க அண்ணா, நெசமாலுமே பாத்தீங்களா?"

"பாக்காமயா அம்மிணி சொல்லுவேன்? எனக்கும் உன்ற ஊட்டுக்காரனுக்கும் என்ன பகை?"

பகை இல்லை என்பது உண்மை. எனக்கு ஆத்திரமே அதுதான். பகையில் பொய் சொல்கிறவன் என்றைக்காவது ஒரு நாள் சமாதானமாகிவிடுவான். இவர் பொய்யே சொல்லவில்லை. நாலு தரம் சொன்னதை ஐந்தாம் தரம் தாமே பார்த்துவிட்டார்.

மூன்றாம் நாள் மதுமதி வந்தார், தடய அறிவியல் பிரிவிலிருந்து. புதிதாக வாங்கிய லேசர் ஸ்கேனரைப் பழகிப் பார்க்க அவர்களுக்கு ஒரு விபத்து வேண்டியிருந்தது. எங்கள் வளைவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முக்காலியின் மேல் பெட்டி மாதிரி ஒரு கருவி. அது தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி ரோடு, டயர் தேய்ந்த கறுப்புத் தடம், புளியமரம், கட்டடம் எல்லாவற்றையும் கோடிப் புள்ளிகளாக அளந்துகொள்ளும். பிறகு கம்ப்யூட்டரில் அந்த இடம் அப்படியே எழுந்து நிற்கும். எந்த மூலையில் வேண்டுமானாலும் நாம் போய் நின்று பார்க்கலாம்.

ஆனால் எங்கள் ஊரில் ரோட்டோரம் முக்காலி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள்! அரை மணி நேரத்தில் பீரோவுக்குள் இருந்த பட்டாக்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டன. மருதாசலம் ஓடிப்போய் வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

"சாமி, இந்தத் தகரம் இருபத்திரண்டு வருசமா இங்கயே இருக்குதுங்க. ஒரு அங்குலம் நகந்ததில்லை. நேத்துப் போட்டதுன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க."

"இது ஆக்சிடென்டுக்கு அளக்கறதுங்க ஐயா. ரோட்டுக்கு இல்லை."

அளக்க வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மருதாசலத்துக்குத் தெரியாதா? "இருக்கட்டுமுங்க, வாங்கி வெச்சுக்கங்க" என்று சிரித்தார். கையெழுத்து, தேதி, பின்னால் நாலு தலைமுறை விவரம். மதுமதி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து ஸ்டேஷனுக்கு மருதாசலத்தைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் லேப்டாப், அதில் எங்கள் வளைவு. கதிர்வேலும் தனப்பிரியாவும் சுவரோரம் நின்றார்கள்.

"விபத்து நடந்தப்ப எங்கங்க ஐயா இருந்தீங்க?" என்று கேட்டார் மதுமதி.

"என்ற நாற்காலிலீங்க."

"எந்திரிச்சீங்களா?"

"எந்திரிக்கவே இல்லீங்க. சூடா டீ கையில. உக்காந்தபடிக்கே எல்லாம் பாத்தனுங்க."

மதுமதி திரையில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வளைவின் பக்கம் திரும்பினார். திரை முழுக்கத் தகரம். துருவேறிய ஆணித் துளைகள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிந்தன. ரோடு மட்டும் ஒரு முழம்கூடத் தெரியவில்லை.

மருதாசலம் எச்சில் விழுங்கினார். "அந்தத் தகரம்... அன்னைக்கு இல்லீங்களே?"

மதுமதி ஃபைலிலிருந்து மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்ஸ்பெக்டர் அதை உரக்கப் படித்துவிட்டு, "புதுசுன்னா ஆக்கிரமிப்பு. நாளைக்கே பிரிக்கச் சொல்லி எழுதறேன்" என்றார்.

தகரமா, சாட்சியா? தனப்பிரியா அவர் முகத்தையே பார்த்தாள். மருதாசலம் அவளைப் பார்க்கவில்லை, தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தந்தானுங்க கேட்டுது" என்றார் மெதுவாக. "ஓடி வந்தப்ப அந்தம்மா கீழ கெடந்துது."

டயர் தடத்தை அளந்ததில் வேன் தன் பக்கத்திலேயே, நாற்பதுக்குள் வந்தது தெரிந்தது. கதிர்வேல் மறுவாரமே முட்டை ஏற்றப் போய்விட்டான். தகரம் அங்கேயே இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பேக்கரிக்குப் போனீர்களானால், "அந்த மிசினு வந்தன்னைக்கே நான் சொல்லிப்போட்டனுங்க, பையன் மேல தப்பில்லைன்னு. நேர்ல பாத்தவன் நானு" என்று மருதாசலம் சொல்வதைக் கேட்கலாம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. அவர் எச்சில் விழுங்கியதுவரை சொன்னேனே, அப்போது நான் எங்கே இருந்தேன் என்று ஏன் கேட்கவில்லை? அன்று நான் ஓமலூரில் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் இரண்டாவது தரம் ரசம் வாங்கிக்கொண்டிருந்தேன். அதனால் என்ன? நாளைக்கு நீங்களும் யாரிடமாவது இதைச் சொல்லத்தான் போகிறீர்கள். முதல் ஆளிடம் 'படித்தேன்' என்பீர்கள். இரண்டாம் ஆளிடம் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்பீர்கள். மூன்றாம் ஆளிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் என்ன அடைத்திருக்கிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.