நாற்பத்தொன்றாம் வரி

நாற்பத்தொன்றாம் வரியில் இருபத்துமூன்று நாளைக்கு எழுத்து இருந்தது. அதற்கப்புறம் வெறும் வெள்ளை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

நாற்பத்தொன்று அவர்தான்.

விஷயம் இதுதான். சமூக வலைத்தளத்தில் ஒருவர் இதுவரை எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, இனி என்ன எழுதுவார் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டும் இயந்திரம் ஒன்றை அந்த ஆய்வகத்தில் ஐந்து வருடமாக வளர்த்துவந்தார்கள். நாளுக்கு ஒரு வாக்கியம். அதன் கீழே, எத்தனை பேர் லைக் போடுவார்கள் என்ற எண். தாமாக முன்வந்த நாற்பது பேரின் கணக்குகள்தான் அதற்குத் தீனி. ஆய்வு விதிப்படி திரையில் பெயர்களை மறைத்துவிட்டு வரிசை எண்ணை மட்டும் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு வரி வெள்ளையாகிவிட்டால் அந்த ஆள் அதற்கு மேல் எழுதப் போவதில்லை என்று அர்த்தம். அப்படி வெள்ளையானவர்கள் இதுவரை இரண்டு பேர். இரண்டு பேர் வீட்டுக்கும் ஆய்வகத்தின் சார்பில் மலர்வளையம் போயிருந்தது.

பேராசிரியர் சும்மா இருந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? பட்டியலின் கடைசியில் தன்னையும் மனைவியையும் சேர்த்துவிட்டார். தான் நாற்பத்தொன்றாவது, அவள் நாற்பத்திரண்டாவது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இயந்திரத்தைக் கட்டிய புரோகிராமர் அம்மா, மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று வெள்ளிக்கிழமை வரை லீவு. பேராசிரியருக்குக் கரும்பலகையில் கணக்கு பிரமாதமாக வரும், இயந்திரத்தைத் தொடத்தான் வராது. அதனால் அந்த அம்மா ஒரு மஞ்சள் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். எண்ணைத் தட்டவும். பச்சைப் பொத்தானை அழுத்தவும். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதன்மேல் திங்கட்கிழமை காலையிலேயே பேராசிரியர் டீயைக் கொட்டிவிட்டார்.

அவர் முதல் வாக்கியத்தைப் படித்தார்.

'இந்த வீட்ல நான் இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியல.' லைக் அறுபத்துமூன்று.

அடுத்ததைப் படித்தார்.

'பேசினா யார் காதுலயும் விழல. சுவத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு.' லைக் எழுபத்தெட்டு.

இது உயிரோடு இருக்கிறவன் எழுதுகிற எழுத்தா? ஆவி எழுதுகிற எழுத்தல்லவா? இருபத்துமூன்று நாள் ஆவியாக வீட்டுக்குள் சுற்றிவிட்டு அதுவும் ஓய்ந்துபோகிறது போலிருக்கிறது. இன்னொன்றும் அவருக்கு வலித்தது. அவர் கணக்கில் போடுவதெல்லாம் கருத்தரங்கு அழைப்பிதழ்தான். விழுவது ஒரே ஒரு லைக், அதுவும் மனைவி போடுவது. 'இருக்கும்போது ஒரு ஈ காக்கை எட்டிப் பாக்கல, செத்தா மட்டும் எழுபத்தெட்டு பேரா!' என்று திரையைப் பார்த்துப் பொருமினார்.

அன்று மாலையே டாக்டரிடம் ஓடினார்.

"நெஞ்சு வலியா?" என்றார் டாக்டர்.

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"இன்னும் இருபத்துமூணு நாள்தான் இருக்கு டாக்டர்."

டாக்டர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "உப்பைக் குறைங்க, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவதை அவர் காதில் வாங்கவில்லை. முதலாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே இந்த வீட்ல உப்பு கிடையாது" என்றார் சாப்பாட்டு மேஜையில்.

"ஏங்க, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"காரணமெல்லாம் கேக்காத."

"எனக்குமா உப்பு கிடையாது?"

"உனக்குத் தனியா வேற சமைப்பியா?"

உப்பு டப்பாவை எடுத்து மேல்தட்டில் வைத்தாள். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து போனில் ஏதோ எழுதினாள். அவள் எப்போதும் எழுதுவாள், நாளைக்கு ஏழெட்டு. செடி, மேகம், பக்கத்து வீட்டுப் பூனை. வேலைக்கு இடைஞ்சல் என்று அவள் எழுதுவதெல்லாம் தன் கண்ணில் படாதபடி அவர் செய்துவைத்து மூன்று வருடமாகிறது. அது அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக நாற்பத்தொன்றைத் தட்டினார். இருபத்துமூன்று, பன்னிரண்டாகச் சுருங்கியிருந்தது. புதிதாக ஒரு வாக்கியமும் முளைத்திருந்தது.

'உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. நாக்கே செத்துப் போச்சு.'

பேராசிரியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நேற்று ராத்திரி நாலு சுவருக்குள் பேசிய உப்பு இதற்கு எப்படித் தெரிந்தது? அறையில் வேறு யாரும் இல்லை. இயந்திரத்தின் விசிறி மட்டும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சரி, எழுத்தை வைத்துத்தானே எடை போடுகிறது, எழுத்தாலேயே இதை ஏமாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார். தன் பக்கத்தில் ஒரு பதிவு போட்டார்: 'நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன். என் இல்லம் இன்பமயமானது.'

மாலை வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி போனை நீட்டினாள்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"யார் வீட்டைப் பத்தி?"

"நம்ம வீட்டைப் பத்திதான்."

"இந்த வீட்டையா?" என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். "என்கிட்ட முகம் குடுத்துப் பேசி எத்தனை நாளாச்சு? ஊருக்கு மட்டும் இன்பமயமா?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அழுவாள். கிடைத்திருக்கிற பன்னிரண்டு நாளும் அழுகையிலேயே போய்விடும். அதைவிடப் பாசத்தைக் குறைத்துக்கொண்டால் பிரிவு அவளுக்கு அவ்வளவாக வலிக்காது என்று அந்தப் படித்த மூளை முடிவு கட்டியது. அன்றிலிருந்து அவளிடம் பேசுவதை நிறுத்தினார். தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார்.

புதன்கிழமை நாற்பத்தொன்றாம் வரி ஐந்து நாளாகியிருந்தது. லைக் மட்டும் இருநூறைத் தாண்டிவிட்டது.

"என் சாவுல இவனுங்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?" என்று வாய்விட்டே கத்திவிட்டார்.

அன்று மாலை பேச்சு விரதத்தைக் கொஞ்சம் தளர்த்தி மனைவியை அலமாரி முன் நிற்கவைத்தார்.

"இது பத்திரம். இது கேஸ் புத்தகம். பல்பு போனா ஏணி அந்தப் பக்கம் இருக்கு."

"இதையெல்லாம் எதுக்கு இப்ப எனக்குக் காட்டுறீங்க?"

"நான் இல்லாம இருந்து பழகிக்கணும் நீ."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்க போறீங்க? யார்கூட?" என்றாள்.

"அதெல்லாம் நம்ம கையில இல்ல" என்றார் பேராசிரியர், மேலே கையைக் காட்டி. மேலே மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இருவருமே திடுக்கிட்டார்கள்.

வியாழக்கிழமை தட்டினால் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி இருந்தது.

'கெளம்பற நேரம் வந்தாச்சு. கதவு திறந்துதான் இருக்கு.' வெள்ளி, மாலை ஆறு மணி. பிறகு வெள்ளை.

இந்த இடத்தில் மனுஷன் உடைந்துபோனார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். சாவுக்குக்கூட இல்லை. இருபத்தாறு வருடம் கூட இருந்தவள் கதவைத் திறந்து தன்னை அந்தக் கோலத்தில் பார்க்கப் போகிறாளே என்றுதான். அவள் தாங்கமாட்டாள். ஆறு மணிக்கு அவள் அந்த வீட்டில் இருக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை அவரே பெட்டியை இறக்கி வைத்தார்.

"உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வா."

"எத்தனை நாளைக்கு?"

காரியமெல்லாம் முடிய எத்தனை நாளாகுமோ என்று யோசித்தார். "அது உன் இஷ்டம். பெரிய பெட்டியாவே எடுத்துக்கோ."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"ஆமா."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இரு'ன்னு சொல்ல மாட்டீங்களா?"

சொன்னால் இருந்துவிடுவாள். "போ. திரும்பிப் பாக்காம போ" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் அப்படியே செய்தாள். ஆட்டோ போன சத்தம் அடங்கியதும் திரும்பினார். வாசற்கதவு திறந்தே கிடந்தது. கதவைத் தொடவே பயமாக இருந்ததால் அதைப் பூட்டாமலே ஆய்வகத்துக்கு ஓடினார்.

மாலை ஐந்தே முக்காலுக்குப் புரோகிராமர் அம்மா வந்தார். பேராசிரியர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வேர்த்துக் கொட்டுது?"

"பேசாதீங்கம்மா. இன்னும் பதினஞ்சு நிமிஷம்."

முள் ஆறைத் தொட்டது. பேராசிரியர் கண்ணை இறுக மூடினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆறு ஒன்று. ஆறு இரண்டு. ஆறு ஐந்துக்கு ஒரு கண்ணைத் திறந்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, "இருக்கேன்! நான் இருக்கேம்மா!" என்று குதித்தார்.

உடனே மனைவிக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"பஸ்ல இருப்பா" என்றார் சிரித்தபடி. "நாளைக்கே நான் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். உப்புப் போட்டுச் சமைக்கச் சொல்லணும்." பிறகு ஒரு வாரக் கதையை மூச்சு விடாமல் கொட்டினார்.

புரோகிராமர் அம்மா திரையை நோக்கிக் குனிந்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. மஞ்சள் தாளை உரித்தெடுத்து, டீக் கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூணாவது வரியை நீங்க படிக்கலையா சார்? இது சைபர்லேருந்து எண்ணும்னு எழுதியிருந்தேனே. நாப்பத்தொண்ணு தட்டினா நாப்பத்திரெண்டாவது ஆள் வரும். உங்களோடது நாப்பது."

அந்த அம்மாவே நாற்பதைத் தட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். திரை நிரம்பியது. கருத்தரங்கு அழைப்பிதழ். அதன் கீழே கருத்தரங்கு அழைப்பிதழ். அதன் கீழேயும் அதுவே. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. இருபது வருடத்துக்கு ஒரு வெள்ளைகூட இல்லை. ஒவ்வொன்றின் கீழும் லைக் மட்டும் பூஜ்யம்.

பேராசிரியர் போனை மறுபடி காதில் வைத்தார். அப்போதும் அணைத்துத்தான் இருந்தது.

புரோகிராமர் அம்மா தன் போனில் பேராசிரியர் மனைவியின் பக்கத்தைத் திறந்து, ஆறு மணிக்குப் போட்ட கடைசிப் பதிவுவரை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மெஷின் சொன்னதை வார்த்தை மாறாம மேடம் ஒவ்வொண்ணா எழுதினாங்க, ஊரே படிச்சு ஆறுதல் சொல்லிச்சு, கூடவே இருந்த நீங்க ஒருத்தர்தான் படிக்கலையா சார்?"