மரங்களுக்கு மொட்டை போட்ட நைனா

திருத்தணியில் முருகனுக்காக மொட்டை போட்டுக்கொண்டவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். மின்சாரத்துக்காக மொட்டை போட்டுக்கொண்ட மரங்கள் அத்தனையும் ஒரே ஆளின் கைவரிசை. எல்லாரையும் ‘நைனா’ என்று கூப்பிடுவார் என்பதால், ஊர் அவரை மொட்டை நைனா என்றது. அவர் தலையிலோ, சீப்பு உள்ளே போனால் திரும்பி வராத அளவுக்கு முடி.

நாற்பதுகளில் எங்கள் மலையடித் தெருவுக்குக் கரண்ட் வந்தபோது கூடவே வந்த லைன்மேன் அவர். நாங்கள் பல்பைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, அவர் மரங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கம்பிக்குப் பக்கத்தில் ஓர் இலை அசைந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. இரண்டு இலை விட்ட மாங்கன்றின் முன்னால் குந்திக்கொண்டு, "இன்னிக்கு சாதுவாத்தான் கீற. வளந்தப்பறம் உன் புத்தி எனுக்குத் தெரியாதா?" என்று அவர் விசாரணை நடத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

மரம் ஏறும் முன் கரண்டை நிறுத்த, தெருவின் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொள்வார். இறங்கும் வரை யாரையும் நம்ப மாட்டார். ஒரு தடவை இறங்கியும் மறந்துபோய், மடியோடு கனகம்மாசத்திரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் திரும்பும் வரை தெருவே சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு அவருடைய வம்சத்தை வாழ்த்தியது.

அப்பேர்ப்பட்டவர் கண்ணில் பூக்கார ராஜம்மாவின் வேப்பமரம் படாமல் இருக்குமா? மலைக்குப் போகும் வழியில் அந்த மரத்தடிதான் அவள் கடை. கம்பியும் அந்தக் கிளைகளுக்குள் புகுந்துதான் போயிற்று. காற்றடித்தால் மேலே பொறி பறக்கும். கீழே அவள் பாட்டுக்குப் பூக் கட்டிக்கொண்டிருப்பாள்.

"கிளைய எடுத்துடறேன் ராஜம்மா" என்றார் நைனா.

"நிழலுக்கு இன்னா பண்ணுவேன்? வெயில் பட்டா பூ வாடிப்பூடும். ஆடிக் கிருத்திகை யாவாரந்தான் எனுக்கு வருசத்துக்கும் சோறு."

"கம்பி அறுந்து வுழுந்தா பூ வாடாது. நீதான் வாடுவ."

மறுநாள் காலை ராஜம்மா மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, கற்பூரமும் ஏற்றிவிட்டாள். மரம் அம்மனாகிவிட்டது. இனி அதன் மேல் கத்தி வைக்க எவனுக்குத் தைரியம் வரும்? யோசனை தெருவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவில் மரங்களே இல்லை, எல்லாம் அம்மன்கள். கம்பிக்குச் சம்பந்தமே இல்லாமல் கொல்லையில் நின்ற எங்கள் பப்பாளிக்கும் என் மனைவி மஞ்சள் துணி கட்டியிருந்தாள். இது எந்த அம்மன் என்று கேட்டேன்.

"இன்னும் பேர் வெக்கல" என்றாள்.

நைனா கரண்டுக்குப் பயப்படாதவர், அம்மனுக்கு நடுங்குவார். சில நாள் தெருப்பக்கமே வரவில்லை. பீடை ஒழிந்தது என்று நாங்களும் பக்தியோடு மகிழ்ந்திருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். குளித்து முழுகி, நெற்றி நிறைய விபூதி, ஒரு கையில் தேங்காய், மறு கையில் கொடுவாள். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. தேங்காயை உடைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மரத்தோடு பேச ஆரம்பித்தார்.

"தாயே, நெல்லூர்லேர்ந்து, வேலூர்லேர்ந்து ஜனம் வந்து இங்க முடி குடுத்துட்டுப் போவுது. நீ மலையப் பாத்துகினே நிக்கற. இதுவரிக்கும் ஒரு முடி குடுத்திருக்கியா?"

திருத்தணியில் நின்றுகொண்டு, மொட்டை போடாதே என்று எந்த வாய் சொல்லும்? ராஜம்மா மட்டும் அவரை முறைத்துவிட்டுக் கூடையை நகர்த்திக்கொண்டாள்.

கம்பிப் பக்கத்துக் கிளைகளைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். வெட்டின இடமெல்லாம் சந்தனம் பூசினார். மறுபக்கத்தைத் தொடவே இல்லை. மொட்டையடிப்பவர் பாதியில் சாப்பிடப் போய்விட்ட தலை மாதிரி மரம் நின்றது. அந்த வாரமே பப்பாளி தவிர எங்கள் தெரு அம்மன்கள் எல்லாரும் வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டார்கள். ராஜம்மா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கிருத்திகைக்கு முந்தின நாள் ஆடிக்காற்று சுழற்றியடித்தது. பின்தெருவில், நைனாவைக் கிட்டேயே சேர்க்காத ஒருவர் வீட்டு முருங்கை ஒடிந்து விழுந்து, கம்பி அறுந்து ரோட்டில் கிடந்தது. நல்லவேளை, யாரும் நடமாடவில்லை. எங்கள் தெருவில் ஒன்றும் ஆகவில்லை. அதற்காக நைனாவுக்கு நன்றி சொல்லும் கெட்ட பழக்கம் எங்களுக்குக் கிடையாது. எல்லாம் அம்மன் அருள் என்றோம்.

கிருத்திகையன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. அதுவும் கிளை போன பக்கமாகத்தான் வந்து விழுந்தது. காவடிகள் வரிசையாக மலையேற, ராஜம்மா ஈரத்துணியால் பூவை மூடுவதும் துணி காய்ந்ததும் மறுபடி நனைப்பதுமாக இருந்தாள். முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அப்போது மூங்கிலும் தென்னங்கீற்றும் சுமந்துகொண்டு நைனா வந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பந்தல் போட்டார். கம்பிக்கும் பந்தலுக்கும் நல்ல இடைவெளி வேண்டும் என்று அவர் இறக்கிய இறக்கத்தில், பூ வாங்க வந்தவர்கள் எல்லாரும் இடுப்பை வளைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. முருகனுக்கு முன்னால் ராஜம்மாவுக்கு ஒரு கும்பிடு. பூ வாடவில்லை. உச்சிப் பொழுதுக்குள் கூடை காலியாகிவிட்டது.

நைனா வெளியே வெயிலில் நின்றபடி கம்பியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா" என்று கூப்பிட்டாள் ராஜம்மா.

"ஆங்."

"உள்ள வந்து குந்து. கம்பி எங்கியும் ஓடிப்பூடாது."

அவரும் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். எங்கள் தெருவில் ஒருவர் அந்த மனிதரை உட்காரச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.