தரைக்குக் கீழே குடியிருக்கும் மகளுக்கு

கனடாவில் இருக்கும் அன்பு மகள் சந்தியாவுக்கு அப்பா காசிநாதன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடுகள் இரண்டும் சுகம். மோட்டாருக்கு மட்டும் உடம்பு சரியில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் தரைக்கு மேலே வந்துவிட்டீர்களா என்று அறிய ஆவல்.

போனில் நான் வாயைத் திறந்தாலே "டவர் இல்லப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். போன வாரம் "பனியால ஆத்துல வெள்ளம் வரப்போவுதுப்பா, ஊரக் காலி பண்ணச் சொல்லுவாங்களாம்" என்றாய். பனி என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழியில் வைக்கோல் போர் நனைகிற பனிதான். அதற்கு மப்ளர் கட்டுவார்கள், ஊரையா காலி செய்வார்கள்? அதுவும் இந்தப் பங்குனி வெயிலில், மழையே இல்லாமல். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டி, உன் மாமனாருக்கே போன் போட்டு, "எம் பொண்ண இன்னா பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பாவம், திருக்கோவிலூர் பஸ்சில் நின்றுகொண்டிருந்தாராம். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் மன்னிப்புக் கேட்டாயிற்று.

அப்புறம் மாப்பிள்ளை கவியரசன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உறைந்த ஆறு உடைந்து, நெல் அடிக்கிற களம் அளவுக்குப் பாளம் பாளமாக வந்து பாலத்தை அடைத்துக்கொள்கிறது. காடுகரையில் மாசக்கணக்காகக் கிடந்த பனியெல்லாம் உருகி அதன் பின்னாலேயே வருகிறது. ஆனாலும் இன்ன தேதிக்கு இவ்வளவு உயரம் தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்கிறார்களாமே, நம்ம தென்பெண்ணை என்றைக்குச் சொல்லிக்கினு வந்தது? ஊரே வரிசையாக நின்று மணல் மூட்டையைக் கைமாற்றுகிறது, மாப்பிள்ளையும் நிற்கிறார், ஆனால் மூட்டையெல்லாம் பாதிதான் இருக்கிறது. "மணலுக்குமா கஞ்சத்தனம்? நெல்லு மூட்ட மாதிரி கிண்ணுனு கட்டுங்க மாப்ள" என்று போனில் சொன்னேன். "ரொப்புனா உருண்டுக்கும் மாமா, சந்துல தண்ணி பூந்துடும். பாதி இருந்தாதான் படியும்" என்றார். நான் நம்பாமல் யூரியா சாக்குகளை வாய்வரைக்கும் மணலால் ரொப்பிக் குளியலறை வாசலில் அடுக்கி, உள்ளே குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் நேரே அடுப்படிக்குப் போய்விட்டது. "ஊர்ல இல்லாத வெள்ளத்த வூட்டுக்குள்ள இட்டாந்துட்டீங்களே" என்று உன் அம்மா துடைப்பத்தோடு நின்றாள். மாப்பிள்ளை சொன்னதுதான் சரி.

என் கவலை எல்லாம் வாடகை கம்மி என்று நீங்கள் பூமிக்கடியில் எடுத்திருக்கிற அந்த வீடுதான். "கெளம்பச் சொன்னா கெளம்புறோம்பா" என்கிறாய். சொல்கிறவரைக்கும் ஏன் காத்திருக்கணும்? பாத்திரம் போனால் போவுது. பாஸ்போர்ட்டையும் குழந்தை மருந்தையும் எடுத்துக்கினு, மேட்டில் முகாம் போட்டிருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கே போய்விடு தாயி. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவள் தாங்கமாட்டாள். நிம்மதியாகச் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பேரன் காலில் ஈரம் படாமல் நம்ம அய்யனார் காப்பாற்றட்டும். ஐஸ்கட்டி அவருக்குப் பழக்கமில்லை, இருந்தாலும் சொல்லி வைத்திருக்கிறேன். சம்பந்திக்கு மறுபடியும் என் வணக்கம்.

உன் அப்பா,
காசிநாதன்

பின்குறிப்பு: இதைப் போட்டோ பிடிக்க செல்லைத் தேடிப் போனால், மாட்டுக்கொட்டாய் ஓரம் உட்கார்ந்து அம்மா உன்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறாள். உனக்குப் பின்னால் பள்ளிக்கூட ஹால், வரிசையாகக் கட்டில். மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறீர்களாம். "அவருகிட்ட சொன்னா பயந்துக்குவாரு, பிரஷரு ஏறிடும்" என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறீர்கள். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். அடுத்த தடவை எனக்கும் சொல்லும்மா. பயப்படுறதுல அப்பாவுக்கும் ஒரு பங்கு கொடு.